ஏணி மசோதா

என் தம்பி வாயைத் திறந்து கெட்டதே கிடையாது. திறக்காமல்தான் ஒருநாள் கெட இருந்தான். அதுவும் நாடாளுமன்றத்தில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய அக்காவான நான் பார்வையாளர் மாடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெளியாட்களுக்கு ஏணிக்காரர், கூடப் படித்தவர்களுக்கு வெறும் ஏணி. அலுமினிய ஏணி செய்து விற்கிற கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்று நான் உரிமையோடு சொல்வேன், ஏனென்றால் அவன் குழாயை அறுத்தான், நான் ஏறி நின்றேன். ஆரம்ப நாட்களில் எடை ஏற்றிச் சோதிக்கிற இயந்திரம் வாங்க எங்களுக்கு வழியில்லை. நான் சின்ன வயதிலிருந்தே பூசினாற்போல இருப்பேன். புது ஏணி ஒவ்வொன்றிலும் நான் ஏறி, உச்சிப் படியில் நின்று, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பேன். "அக்கா ஏறி ஆடாத ஏணி, எவன் ஏறினாலும் ஆடாது" என்பான் தம்பி. இதையே விளம்பரத்தில் போட்டால் என்ன என்று அவன் கேட்ட அன்றைக்குத்தான் ரிவெட் ஆணி டப்பாவைத் தூக்கி அவன்மேல் எறிந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டுவந்தது. ஏறப் போகிறவர் முதல் படியில் கால் வைக்கும் முன்பு "புடிச்சாச்சா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். கீழே ஏணியைப் பிடித்திருப்பவர் "புடிச்சாச்சு!" என்று அதைவிட உரக்கச் சொல்ல வேண்டும். பதில் காதில் விழாமல் காலைத் தூக்கக் கூடாது. தலையை ஆட்டினால் கணக்கில் சேராது. ஏறுகிறவருக்கு முகம் சுவர்ப் பக்கம் அல்லவா, கீழே யார் தலையை ஆட்டினார்கள், யார் கம்பி நீட்டினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உயரத்தில் இருக்கும்போதும் சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கலாம். பிடித்திருப்பவர் எதற்காவது நகர்ந்து போயிருந்தால், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். முதலாளி, கணக்குப்பிள்ளை, டீ கொண்டுவந்தவர் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. ரிவெட் அடிக்கிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தி எனக்கு ஒரு குரல் வாய்த்துவிட்டது. அந்தக் குரலில் நான் வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால் எதிர் வீட்டில் பதில் சொல்வார்கள்.

தம்பியின் தொழில் ரகசியம் நேர் எதிரானது. அவன் பேச மாட்டான். பேரம் என்று வந்துவிட்டால் அவன் வாய்க்குப் பூட்டு விழும். எதிராளி ஒரு விலை சொல்வார். தம்பி கூரையைப் பார்ப்பான். எதிராளி காரணம் சொல்வார். தம்பி தண்ணீர் குடிப்பான். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில், ஏதோ குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல அத்தனை பொறுமையாகத் துடைப்பான். கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறுவதற்குள் எதிராளி தானாக ஏறி வந்திருப்பார். "தவளை தன் வாயால கெடும்க்கா" என்பான். "வாயுள்ள புள்ளதான்டா பொழைக்கும்" என்பேன் நான். கம்பெனி வளர்ந்த வளர்த்தியைப் பார்த்தால் அவன் பழமொழிதான் ஜெயித்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒருமுறை நாடு முழுக்கக் கடை வைத்திருக்கிற ஒரு பெரிய ஆள் வந்திருந்தார். ஆபீஸ் அறையில் பேரம். தம்பி கண்ணாடி துடைக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வெளியே, ஏணி உச்சியிலிருந்து ஒருவர் "புடிச்சாச்சா?" என்று கத்தினார். பதில் வரவில்லை. தம்பி கண்ணாடியை மேசையில் போட்டுவிட்டு, கதவு அதிர ஓடி, ஏணியைப் பிடித்துக்கொண்டு "புடிச்சாச்சு!" என்றான். அவன் திரும்பி வந்தபோது பெரிய ஆள் வியர்த்துப்போய் நின்றார். இவன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான் என்று நினைத்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார். எங்கள் முதல் பெரிய ஆர்டர் அப்படித்தான் வந்தது.

இப்படிப்பட்டவன் அரசியலுக்கு எப்படிப் போனான் என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரரால் போனான்.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். கடைப் பலகைகளில் எழுத்து எழுதுவார். அவர் போட்ட வளைவை அச்சு இயந்திரம்கூடப் போடாது. ஒரு பெரிய கடையின் முகப்பில் எழுதிக்கொண்டிருந்தார், எங்கள் ஏணியில் நின்று. கீழே பிடித்திருந்த ஆளைக் கடை மேனேஜர் பெட்டி இறக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். இவர் மேலேயிருந்து "புடிச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. இறங்கலாம் என்று திரும்பியிருக்கிறார். கீழே தரை கழுவிய ஈரத்தில் ஏணி வழுக்கிவிட்டது. ஏணிக்கு ஒரு கீறல் இல்லை. இவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

படுக்கையிலிருந்து எழ மாதங்கள் ஆயின. கைத்தடி இல்லாமல் அவரால் இனி நடக்க முடியாது. அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அதற்குப் பிறகு அவர் ஏணியைத் தொடவே இல்லை. வீட்டில் பல்பு போனால் நான்தான் ஏறுவேன். நான் ஏறும்போது அவர் அந்த அறையில் இருக்க மாட்டார்.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? ஏணி சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தம்பி அந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், அந்தக் கடை வாசலிலேயே நிறுத்தி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டான். நான் ஏறினேன். உச்சியில் நின்று ஆடினேன். ஏணி அசையவில்லை. அடுத்து அவன் தொழில் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனான். ஏணியைப் பிடித்திருக்கிற ஆளை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டான். அதிகாரி நல்ல மனிதர். தேடிப் பார்த்துவிட்டு, "எதுலயும் இல்லைங்க. நாங்க இருக்கிற சட்டத்தைப் பார்க்கிற ஆளுங்க. சட்டம் போடுற இடம் வேற" என்றார்.

"அந்த இடத்துக்கு எப்படிப் போறது?" என்றான் தம்பி.

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்: "தேர்தல்ல நின்னு ஜெயிச்சுப் போகணும்."

நின்றான். கட்சி கிடையாது, மேடை கிடையாது. பேச்சும் கிடையாது, அதுதான் வேடிக்கை. தெருத் தெருவாக ஏணியோடு போவான். எரியாத தெருவிளக்கு எங்கே இருக்கிறதோ அங்கே சாத்துவான். "புடிச்சாச்சா?" என்று கேட்பான். கூட்டத்திலிருந்து யாராவது வந்து பிடிப்பார்கள். ஏறிப் பல்பு மாட்டுவான். இறங்கி, பிடித்தவருடைய கையைக் குலுக்கி, "இந்த ஒரு பதிலுக்காகத்தான் நிக்கிறேன்" என்பான். மொத்தப் பிரசாரமும் அவ்வளவுதான். எதிர்த்து நின்ற பழைய உறுப்பினர், "நாடாளுமன்றம் எங்க, இவன் எங்க? ஏணி வெச்சாலும் எட்டாது!" என்று மைக்கில் சிரித்தார். போதாதா? அடுத்த நாளிலிருந்து தெருவில் நின்ற சின்னப்பிள்ளைகள்கூட "எட்டும்! எட்டும்!" என்று கத்திக்கொண்டு ஏணிக்குப் பின்னால் ஓடின. ஓட்டு எண்ணிக்கை முடிந்தபோது நான் மேசைமேல் ஏறி ஆடினேன். மேசை எங்கள் தயாரிப்பு இல்லை, உடைந்துவிட்டது.

ஆனால் ஜெயித்துப் போனவன் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. கமிட்டிகளில் அவன் புலி என்று சொல்வார்கள். அரசாங்கத்துக்குச் சாமான் விற்க வருகிற கம்பெனிக்காரர்கள் எதிரே உட்கார்ந்து கூரையைப் பார்ப்பானாம், அவர்கள் நடுங்கி விலையைக் குறைப்பார்களாம். சபையில் மட்டும் சத்தமே இல்லை. ஒரு பத்திரிகை அவனை ஊமை உறுப்பினர் என்று எழுதியது. நான் அந்தப் பத்திரிகையை நிறுத்திவிட்டேன். அவனோ எல்லாருக்கும் புரிகிற மொழியில் மசோதாவை எழுதி, திருத்தி, கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொடுக்கிற மசோதாக்களைக் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். மூன்று குலுக்கலில் வரவில்லை. நான்காவதில் வந்தது.

மசோதாவில் உயிர் இருந்தது ஒரே ஒரு பிரிவில். உயரத்தில் வேலை செய்கிறவருக்குக் கீழே ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் இருக்க வேண்டும். மேலே இருப்பவர் இறங்கும்வரை அந்த ஆளை யாரும் வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது. ஏணி வியாபாரி ஏணி விற்கத்தான் சட்டம் போடுகிறான் என்று கிளப்பிவிட்டார்கள். கணக்குத் தெரியாத ஜென்மங்கள். ஒரு ஏணிக்கு இரண்டு ஆள் என்றால் ஏணி குறைவாகத்தான் விற்கும். எங்கள் தொழில்காரர் சங்கமே தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டது.

விவாத நாள். என் வீட்டுக்காரரும் நானும் மாடத்தில் முன்வரிசை. வாரக் கடைசி மதியம் என்பதால் சபையில் பாதி நாற்காலி காலி. இருந்தவர்களிலும் சிலர் கண்ணை மூடிக்கொண்டு நாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அதன் தலையில் இரண்டு கையையும் வைத்திருந்தார்.

"எனக்காகன்னு அவன் இதுல ரொம்ப எறங்கிட்டான்" என்றார்.

"உங்களுக்காக மட்டும்னு யாரு சொன்னா? பேசாம பாருங்க" என்றேன்.

தம்பி எழுந்து, எழுதிவைத்ததைப் படித்தான். மோசமாகப் படித்தான். மளிகைச் சாமான் பட்டியல் படிப்பதுபோல இருந்தது. பிறகு தொழில்துறை அமைச்சர் எழுந்தார். வெண்ணெய் தடவின பேச்சு. உறுப்பினரின் நோக்கம் உயர்ந்தது என்றார். எல்லா ஏணிக்கும் தர முத்திரை கட்டாயம் என்று அரசே ஆணை போடத் தயார் என்றார். அந்த இரண்டாவது ஆள் விஷயம் மட்டும் நடைமுறைக்கு ஒத்துவராது, சிறு நிறுவனங்கள் தாங்காது என்றார். "ஆகவே உறுப்பினர் தமது மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

எனக்குப் பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்: "தர முத்திரை வந்தா யாருக்கு லாபம்? இவனுக்குத்தான். வியாபாரி, படிஞ்சிடுவான் பாரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் அதற்குள் சபாநாயகர் பேசினார்.

"உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெறுகிறாரா?"

தம்பி எழுந்தான். பதில் சொல்லவில்லை. கூரையைப் பார்த்தான்.

சபையில் யாருக்கும் புரியாதது எனக்குப் புரிந்துவிட்டது. அவன் படியவில்லை, பேரம் பேசுகிறான்! எதிராளி ஒரு விலை சொல்லிவிட்டார், இன்னும் ஏறி வருவார் என்று பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். இத்தனை வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்கிறது. ஆனால் அமைச்சர் அவனைப் பார்க்கவே இல்லையே. அவர் அடுத்த மசோதாவின் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உறுப்பினர் பதில் அளிக்க வேண்டும்" என்றார் சபாநாயகர்.

தம்பி தண்ணீர் டம்ளரை எடுத்தான். ஒரு வாய் குடித்தான்.

"டேய்..." என்றேன் பல்லுக்குள். மாடத்தில் வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று உள்ளே வரும்போதே சொல்லித்தான் விட்டார்கள்.

தம்பி கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியை எடுத்தான்.

சபாநாயகர் அவனுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அதை மறுக்க முடியாது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "உறுப்பினர் மறுப்புத் தெரிவிக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று கொண்டு..."

பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி, விடு. அவ்வளவுதான் போல" என்றார் மெதுவாக.

விழுந்த நாளில்கூட அவர் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. மௌனம் சம்மதமாமே! எங்கள் பட்டறையில் மௌனம் என்றால் கீழே ஆள் இல்லை என்று அர்த்தம். நான் எழுந்தேன். மாடத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ரிவெட் இயந்திரத்துக்கு மேலே எழும்பிப் பழகின குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"புடிச்சாச்சா?"

தம்பியின் கையிலிருந்து கண்ணாடி பறந்தது. டம்ளர் கவிழ்ந்தது. பக்கத்து உறுப்பினரின் மடியைத் தாண்டி, நடைபாதையில் குதித்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஏணியின் இரண்டு காலையும் இறுகப் பிடித்துக்கொண்டு, சபையே அதிரக் கத்தினான்.

"புடிச்சாச்சு!"

அடுத்த கணம் சபையில் எழுந்த சிரிப்பில் தூங்கினவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். சபாநாயகர் மேசையைத் தட்டினார். என்னைக் காட்டி, "வெளியேற்றுங்கள்" என்றார். காவலர் அம்மா ஒருவர் வந்து என் முழங்கையைப் பிடித்தார். இரும்பு முகம். நான் நகர்ந்துகொண்டே காதை மட்டும் சபையில் விட்டுவைத்தேன்.

"உறுப்பினர் இப்போது சொன்னதன் பொருள் என்ன? மசோதாவைத் திரும்பப் பெறுகிறாரா, இல்லையா?"

"இல்லைங்க ஐயா" என்றான் தம்பி. மூச்சு வாங்கியது அவனுக்கு. "புடிச்சிருக்கேன். விட மாட்டேன்."

என் வீட்டுக்காரரைக் காவலர் அம்மா தடுத்தார். "சத்தம் போட்டது அவங்கதான். நீங்க உட்கார்ந்து பாருங்க சார்."

"அவளைத் தனியா விட்டா உங்களுக்குத்தாம்மா ஆபத்து" என்றார் இவர், தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து.

வெளியே நீளமான நடைக்கூடம். மேலே பதித்திருந்த ஒலிபெருக்கிகளில் சபை நடப்பது கேட்டது. தம்பியின் குரல்! காகிதம் இல்லாமல், மளிகைப் பட்டியல் இல்லாமல், பட்டறையில் பேசுகிற குரல்.

"...மேல ஏறுனவனுக்குக் கீழ தெரியாதுங்க. அவன் மூஞ்சி சுவரைப் பாத்திருக்கும். கீழ நமக்கு ஆள் இருக்குன்னு ஒரு குரல்தான் அவனுக்குச் சொல்லணும். எங்க மாமா கேட்டார். புடிச்சாச்சான்னு கேட்டார். பதில் சொல்ல வேண்டியவரைப் பெட்டி இறக்கக் கூப்பிட்டுட்டாங்க. அமைச்சர் தர முத்திரை தர்றேங்கிறார். நன்றி. அதனால எனக்கு வியாபாரம் கூடும். ஆனா எங்க மாமா விழுந்தது நல்ல ஏணியிலிருந்துங்க. நானே செஞ்சது. இன்னைக்கும் அதை விக்கலாம். ஏணிக்கு ஒன்னும் ஆகலை..."

அங்கே அவன் குரல் உடைந்தது. நான் நின்றுவிட்டேன். காவலர் அம்மாவும் நின்றார். என் முழங்கையிலிருந்து அவர் கை எப்போது நழுவியது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. "ஊமைன்னு எழுதினானுங்களே" என்றார்.

காவலர் அறைக்குள் எங்களை உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரின் உச்சியில் ஒரு டிவி. அதில் சபை தெரிந்தது. அமைச்சர் எழுந்து, இதை உறுப்பினர்கள் தங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்யலாம் என்று அரைமனதாகச் சொன்னார். சிரித்துச் சிரித்து விழித்துக்கொண்ட சபை, இப்போது சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. வாக்கெடுப்பு மணி அடித்தது. எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உறுப்பினர்கள் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்கள்.

டிவி அணைந்தது.

"அட, இந்த ஒயர் எப்பவும் இப்படித்தான்!" என்றார் காவலர் அம்மா. இரும்பு முகத்தில் இப்போது என்னைவிட அவசரம். மூலையில் கிடந்த ஏணியை இழுத்தார், சுவரில் சாத்தினார், முதல் படியில் காலை வைத்தார்.

நான் பார்த்தேன். எங்கள் ஏணி இல்லை. ஒரு காலில் ரப்பர் தேய்ந்து மொட்டை. தரையோ முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு.

"நில்லுங்க!" என்று கத்தி, ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன். "இப்பத்தானே அவ்வளவு கேட்டீங்க? கேளுங்கம்மா!"

"என்ன கேக்கணும்? தெனம் ஏறுறதுதான்..."

"புடிச்சாச்சான்னு கேட்டுட்டு ஏறுங்க!"

அவர் என்னை முறைத்தார். வேறு வழி இல்லாமல், வெட்கப்பட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கேட்டார். "புடிச்சாச்சா?"

நான் வாயைத் திறந்தேன். என் குரல் வருவதற்குள் இன்னொரு குரல் வந்தது.

"புடிச்சாச்சு!"

கைத்தடி தரையில் விழுந்து உருண்டது. என் வீட்டுக்காரர் ஏணியின் அந்தப் பக்கக் காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நல்ல காலை ஏணிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். பிடி அசையவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே ஏறுகிறவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக்கூடச் சில நேரம் பேச்சு வராது.

மேலே ஒயரைத் திருகும் சத்தம். டிவி உயிர்பெற்றது. ஏணியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்ற எங்கள் இருவருக்கும் திரை தெரியவில்லை.

"என்னம்மா? என்ன ஆச்சு? சொல்லித் தொலைங்க!" என்றேன்.

"எண்ணிட்டிருக்காங்க... பலகையில வருது... ஆதரவு... இருங்க, எதிர்ப்பும் வரட்டும்..." அப்புறம் ஒரு கூச்சல். "ஜெயிச்சிடுச்சு! நாலே ஓட்டு வித்தியாசம்! உங்க தம்பி ஜெயிச்சிட்டாரும்மா!"

இரும்பு முகம் ஏணி உச்சியில் நின்று இரண்டு கையையும் தட்டியது. ஏணி ஆடியது.

வாழ்க்கையிலேயே எனக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை. மேசைமேல் ஏறி ஆட வேண்டும், அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், கட்டடம் அதிரக் கத்த வேண்டும். ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு கையும் ஏணியில். அவருக்கும் அப்படியே. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, கண்ணெல்லாம் தண்ணீராக நின்றோம்.

"கையத் தட்டாதீங்க!" என்று அவர்தான் மேலே பார்த்துக் கத்தினார். "படியைப் புடிச்சு மெதுவா எறங்குங்கம்மா! நாங்க புடிச்சிருக்கோம்!"

காவலர் அம்மா இறங்கினார். தரையில் கால் பட்டதும் என்னைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்னை வெளியே இழுத்துவந்த அதே கை. அப்போது கதவு படாரென்று திறந்தது. தம்பி. கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. சட்டையில் தண்ணீர். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. எங்கள் எல்லாரையும் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

"இப்பவாவது பேசுடா ஏணி!" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தான். இவர் இன்னும் ஏணியை விடவில்லை. ஏணியில் யாருமே இல்லை.

"சார், நான் எறங்கிட்டேன். நீங்க விடலாம்" என்றார் காவலர் அம்மா.

"இருக்கட்டும்மா" என்றார் இவர். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

தம்பி கிட்டே வந்து, ஏணியின் முதல் படியில் ஒரு காலைத் தூக்கப் போனவன், நிறுத்திக்கொண்டான்.

"புடிச்சாச்சா மாமா?"

"புடிச்சாச்சு மாப்ள. ஏறு."